துணைக்கு ஓர் ஆள்

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் ஹெப்சிபா போன் செய்தார்! மிட்டாய்க் கம்பெனியில் உட்கார்ந்து கடலை மிட்டாயை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பாகு. போனைக் காதில் வைத்தால் காதிலேயே ஒட்டிக்கொண்டது.

சீதாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது இந்த டாக்டரம்மாதான் அடிக்கடி வந்து பார்ப்பார். சீதா என் வீட்டுக்காரரின் தங்கச்சி. முழுப் பெயர் சீதாலட்சுமி. சினைப்பையில் புற்றுநோய். தீபாவளி கழிந்து இறந்துபோனாள். அதை எழுதியாகிவிட்டது. இனி அடுத்ததை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியை ஒட்டி ஆராய்ச்சிக் கட்டடம் இருக்கிறது. டாக்டரம்மா அங்கே இந்த நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார். வயிறு வீங்கி, சாப்பாடு இறங்காமல், படுக்கையில் விழுந்த பிறகுதான் இந்த நோய் தெரிகிறது. அதற்கு முன்னால், ஆரம்பத்திலேயே, ரத்தத்தில் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறார். அதற்கு மத்திய அரசிடம் நிதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் இல்லையென்று வந்துவிட்டதாம். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் அந்த அறையை வேறு ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"இந்தத் தடவை புதுசா ஒரு விதி போட்டிருக்காங்கக்கா. நோயாளி வீட்டு ஆள் ஒருத்தர் எங்க குழுவுல இருக்கணும். சும்மா பேருக்கு இல்ல. கடைசி வரைக்கும் கூட நிக்கணும். நீங்க வருவீங்களா?"

"நான் ஆறாப்பு டாக்டரம்மா."

"அதையா கேட்டேன்? வருவீங்களா மாட்டீங்களா?"

வாரேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மிட்டாயை எண்ணாமலே உறையில் போட்டிருக்கிறேன். மேஸ்திரி கத்தினார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மத்திய சர்க்காரே உன்னைய நம்பித்தான் இருக்காக்கும்" என்றார். தங்கச்சி போன பிறகு அவர் கிண்டலாக ஒரு வார்த்தை பேசியது இன்றைக்குத்தான்.

ஜனவரி 23, வியாழன்

பாளையங்கோட்டை போய் வந்தேன். ஆராய்ச்சி அறையில் பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறது. திறந்தால் புகை வருகிறது. அதற்குள் ரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாயில் வைத்திருக்கிறார்கள். சீதாவின் ரத்தமும் அதில் இருக்கிறதாம். எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார்.

விண்ணப்பத்தோடு கொஞ்சம் பேரிடமாவது ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, முன்னோட்டமாகக் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து வயசுக்கு மேலே, நல்லா நடமாடுகிற பெண்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை.

"சினைப்பைன்னா என்னன்னு கேட்பாங்க. என்ன சொல்வீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நீங்க சொல்லுங்க."

"கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். பாதாம் பருப்பு அளவு."

எங்கள் தெருவில் பாதாம் பருப்பை யார் கண்டது? தோல் உடைக்காத முழு நிலக்கடலை அளவு என்று சொல்லலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சொல்லலாம் என்றார். கடலை மிட்டாய்க்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்!

சினைப்பையை எடுத்தவர்கள் மட்டும் வேண்டாம் என்றார். அதற்கு நான் பொறுப்பு என்றேன். பெண்கள் என்ன பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார். அதையும் இதிலேயே எழுதுகிறேன். கூடவே கண்டதையும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தெருத்தெருவாக அலைந்தேன். கால் வலிக்கிறது. ஆனால் இப்படி அலைந்து எவ்வளவு நாள் ஆயிற்று! குடிதண்ணீர்க் குழாயடியில் நின்று பேசினேன். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று பேசினேன். கோயில் கொடைக்கு வரி வாங்க வந்தவள் என்று நினைத்து ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள். திறக்கும்வரை தட்டினேன்.

"ரத்தம் குடுத்தா என்ன குடுப்பாக?"

"மதியச் சாப்பாடு."

"கறியா?"

"சாம்பார்."

"ஆராய்ச்சிங்கிறீக, ஒரு முட்டைகூட இல்லையா?"

இப்படியே சிரித்துச் சிரித்து ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது.

ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பெண்கள் நிறைய. உதிரப்போக்கு, கட்டி, அடிவயிற்று வலி என்று போனால் எடுத்துவிடுங்கள் என்பார்கள். எடுத்துவிட்டால் அப்புறம் ஒரு தொந்தரவும் கிடையாது. உள்ளே ஒன்றுமே இல்லாதபோது எங்கிருந்து நோய் வரும்?

தங்கமாரிக்குக் கோபம். அவள் தீப்பெட்டி ஆபீசில் என்னோடு முன்னால் வேலை பார்த்தவள்.

"ஏ வேலம்மா, வேன்ல இடம் இருக்குல்ல. நானும் வாரேன். பாளையங்கோட்டையைப் பாத்துட்டு வாரேன்."

"ஒனக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சே. அங்க வந்து என்னத்தக் காட்டுவ?"

"மூஞ்சியக் காட்டுவேன்."

"போடி" என்றேன். எனக்கும் ஆபரேஷன் ஆனதுதான். நானும் சீதாவும் ஒரே வருஷம் செய்துகொண்டோம். அதனால் நானும் கொடுக்கப் போவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேன் போய் வந்தது. ஒருத்தி வாந்தி, ஒருத்தி பாட்டு. சாம்பாரில் முருங்கைக்காய் இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். ஸ்கேன் அறைக்குள் போய் வந்தவர்கள், வெளியே காத்திருந்தவர்களுக்குப் பெரிய மருத்துவர்கள் மாதிரி விளக்கம் சொன்னார்கள். நான் அவர்களின் செருப்புக்கும் பைக்கும் காவல்.

பிப்ரவரி 28, வெள்ளி

விண்ணப்பம் போட்டாயிற்று! கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்குவதற்கு என்னை அழைத்தார் டாக்டரம்மா. "நீங்க அமுக்குங்கக்கா. நான் அமுக்கின ரெண்டும் திரும்பி வந்துருச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினேன். பச்சை நிறத்தில் ஏதோ வந்தது. அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தமாவது வந்திருக்கலாம்.

மார்ச் 1, சனி

இன்றைக்கு என்ன எழுத? ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

மார்ச் 19, புதன்

பதில் இல்லை. டாக்டரம்மா போனை எடுத்ததுமே "இன்னும் இல்லக்கா" என்கிறார். நான் சுகம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் கட்டத்தில் தேறிவிட்டோம்! மிட்டாய்க் கம்பெனியில் எல்லாரிடமும் சொன்னேன். மேஸ்திரி உடைந்த மிட்டாயை எல்லாருக்கும் கொடுத்தார். மேஸ்திரி இதற்கு முன்னால் எங்கே இப்படிக் கொடுத்திருக்கிறார்!

ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களாம். டாக்டரம்மா நாளைக்கு வரச் சொன்னார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேள்வி இதுதான். இந்த வட்டாரத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது உங்கள் முன்னோட்டத்தில் ஒருத்திகூட இல்லையே, ஏன்? அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும்.

டாக்டரம்மா கணக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே விளங்கலக்கா. எப்படி ஒருத்திகூட இல்லாம போச்சு?"

நான் பெருமையாகச் சொன்னேன். "நான்தான் டாக்டரம்மா அவுகள வேன்லயே ஏத்தல. ஒங்களுக்கு எதுக்கு வீண் வேலைன்னு."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். கர்ப்பப்பை. இரண்டு பக்கமும் சினைப்பை. நடுவில் இருந்ததை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

"ஆபரேஷன்ல நிறையப் பேருக்கு இதை மட்டும்தான் எடுப்பாங்க. பக்கத்துல இருக்கிற ரெண்டையும் விட்டுருவாங்க. அது உடம்புக்குத் தேவை. விடுறது தப்பில்ல. ஆனா விட்டிருக்கோம்னு யாரும் விவரமா சொல்றதில்ல."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சீதா அக்காவுக்கும் ஆபரேஷன் ஆயிருந்துச்சே."

ஆமாம். ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாதா? அவளுக்கு மட்டும் ஏதோ, எடுத்த இடத்திலேயே வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டின மரத்தின் அடியில் கறையான் வருகிற மாதிரி. அவளும் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்றுதான் நினைத்தாள். வயிறு உப்பியபோது, "நமக்குத்தான் உள்ள ஒண்ணும் இல்லையே மதினி, வாயுவாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாதி வழியில் கயத்தாறு வந்ததுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கம்பெனிக்கு லீவு. ஆபரேஷன் ஆன ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போனேன். டாக்டரம்மா வரைந்த படத்தையும் கொண்டுபோனேன்.

"அன்னைக்கிப் போன்னு சொன்ன. இன்னைக்கி வான்னு சொல்லுத. நாங்க என்ன ஒன் வீட்டுக் கோழியா?"

"தப்புதான் அத்தாச்சி. நான் தெரியாம சொல்லிட்டேன்."

"அப்ப எங்களுக்கும் வருமா?"

"வரும்னு சொல்லல. வராதுன்னு நெனச்சிட்டு இருந்தோம்ல, அது தப்பு."

தங்கமாரி வீட்டில் அரைமணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்தாள். பிறகு படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "மூஞ்சியக் காட்ட வரலாமா இப்பவாச்சும்?" என்றாள். வாடி என்றேன். "சாம்பார்னா வர மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டு வேன்! நாளைக்குச் சித்திரை பிறக்கிறது. வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். டாக்டரம்மா முட்டை ஏற்பாடு செய்திருந்தார்.

ஸ்கேன் எடுக்க எடுக்க ஒவ்வொருத்தியிடமும் டாக்டரம்மா திரையைக் காட்டிச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்குச் சினைப்பை உள்ளேதான் இருக்கிறது. சிலர் நம்பவில்லை. ஒருத்தி அழுதாள். தங்கமாரி வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருஷமா எனக்குள்ள ரெண்டு பேர் குடியிருந்திருக்காக. ஒரு பைசா வாடகை தரல, ஒரு வார்த்தை சொல்லல!"

காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ரத்தம் எடுக்கிற பிள்ளையும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ குடுத்துட்டியா வேலம்மா?" என்று தங்கமாரி கேட்டாள். ஆளை எண்ணி ஏற்ற வேண்டாமா, வேன்காரன் கத்துகிறான் என்றேன். வேன்காரன் அந்த நேரம் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பதில் அனுப்பியாயிற்று. என் தப்பையும் அதில் அப்படியே எழுதிவிட்டாராம். "இதுதான்கா நம்ம விண்ணப்பத்துலயே முக்கியமான விஷயம். இதே நெனப்புல எத்தனை பேர் வீட்டுல உக்காந்திருக்காங்க!" டாக்டரம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

டாக்டரம்மா போனில், "அக்கா, உங்களுக்கும் ஒரு நாள் ஸ்கேன் பாத்துரலாமே" என்றார். இந்த வாரம் சிலிண்டர் வருகிறது, யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்றேன்.

மே 6, செவ்வாய்

சிலிண்டர் வந்துவிட்டது. ஆனால் வெயில் ரொம்ப அதிகம்.

மே 15, வியாழன்

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! வருகிற வியாழக்கிழமை. டெல்லிக்குப் போக வேண்டாம். திரையிலேயே பேசலாம். நானும் உட்கார வேண்டுமாம். என்ன சேலை கட்டுவது? மாம்பழ நிறச் சேலை சீதா எடுத்துக் கொடுத்தது. அது வேண்டாம். நீலம் கட்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் கேள்வி கேட்டுப் பழக்கிவிடுகிறேன் என்று நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "ம், ஒன் பேரு என்ன?" என்றார். அதற்குமேல் அவருக்குக் கேள்வி தெரியவில்லை.

மே 22, வியாழன்

ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

திரையில் ஐந்து பேர். எல்லாம் இங்கிலீஷ். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினார். படம் காட்டினார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இல்லை. நம் வேன், நம் பெண்கள், நிலக்கடலை மாதிரி நம் சினைப்பைப் படம் எல்லாம் டெல்லி வரைக்கும் போய்விட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் ஒரு அம்மா, வெள்ளை முடி, என்னைப் பார்த்துக் கேட்டார். டாக்டரம்மா தமிழில் சொன்னார்.

"இத்தனை பெண்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கும் ஆபரேஷன் ஆனதுன்னு எழுதியிருக்கு. நீங்க பரிசோதனை பண்ணிக்கிட்டீங்களான்னு கேட்கிறாங்க."

பண்ணிக்கொண்டேன் என்று சொன்னால் முடிந்தது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"இல்லீங்கம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்டார்.

"நேரமில்லன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டு இருக்கேன். நேரம் இருந்துச்சு. எங்க சீதா படுத்த மாதிரி அந்தக் கட்டில்ல நான் போய்ப் படுக்கணும். டாக்டர் அந்தத் திரையப் பாப்பாங்க, நான் அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே கிடக்கணும். அவளுக்குப் பாக்கும்போது நான் பக்கத்துல நின்னேன். கையைப் பிடிச்சிருந்தேன். இவ்வளவு பேரையும் நான்தான் கூட்டிட்டு வந்தேன். என்னையக் கூட்டிட்டு வர ஆளில்ல. அவதான் எனக்கு ஆளு."

அவ்வளவையும் சொல்லிவிட்டேன். நிறுத்தத் தெரியவில்லை.

டாக்டரம்மா உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கண்ணாடி துடைத்தவர் துடைப்பதை நிறுத்தினார். வெள்ளை முடி அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். நன்றி என்று தமிழிலேயே சொன்னார். திரை கறுப்பாகிவிட்டது.

"நான் சொன்னதையேவா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை மாத்தல."

"மாத்தியிருக்கலாமே டாக்டரம்மா. உங்க அறை போயிருமே."

"மாத்தலாமான்னு தோணிச்சுக்கா. தண்ணி குடிச்சேன். தோணுனது போயிருச்சு."

இரண்டு பேரும் எதிர்க்கடையில் பஜ்ஜி சாப்பிட்டோம். இவ்வளவு பசியோடு நான் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் பஜ்ஜி நன்றாக இருந்தது.

ஜூன் 11, புதன்

பதில் இல்லை. யார் போன் செய்தாலும் எழுந்து நிற்கிறேன். இன்றைக்கு லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு எழுந்து நின்று பதில் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

டாக்டரம்மாதான் போனில். "அக்கா" என்றார், அழுதார், பிறகு சிரித்தார். நான் மிட்டாய்த் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து கேட்டேன்.

மூன்று வருஷத்துக்கு நிதி. அறை அவர் அறைதான். ஐஸ் பெட்டி அங்கேயே இருக்கும். கேட்டதில் ஒரு மெஷினைக் குறைத்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம். அவரே படித்துத் தமிழில் சொன்னார். பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் தன்னோடு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் இந்த நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை அவளை வெளியே அனுப்பக் கூடாது.

"இதை நாங்க கேட்கவே இல்லக்கா. அவங்களா எழுதியிருக்காங்க. நீங்க சொன்னதுதான்."

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சீதாவின் படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் அல்வா வாங்கி வந்தார். கால் கிலோ போதும், முக்கால் கிலோ வாங்கி வந்திருக்கிறார். தெரு முழுக்கக் கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

தங்கமாரியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த அல்வாவைக் கொடுக்கப் போனபோது விவரம் மட்டும் சொன்னேன். அவள் அல்வாவைத் தின்றுகொண்டே, "கூட வர்றவளுக்குக் கூலியா?" என்றாள். ஆமாம் என்றேன். "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?" என்றாள்.

ஜூலை 5, சனி

காலையில் நான் கதவைத் திறப்பதற்குள் தங்கமாரி வந்து நின்றாள். தலை நிறையப் பூ. "என்னடி கல்யாணத்துக்கா போறோம்" என்றேன். "வாயப் பொத்திட்டு வா. இன்னைக்கு நான் சர்க்கார் உத்தியோகத்துல இருக்கேன்" என்றாள்.

ரத்தம் கொடுத்தேன். வலிக்கவில்லை. ஸ்கேன் அறையில் அதே மாதிரிக் கட்டில். ஏறிப் படுத்தேன். வயிற்றில் தடவிய களிம்பு ஜில்லென்றிருந்தது. தங்கமாரி தலைமாட்டில் நின்றாள். ஒரு கையை என் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் திரையைக் காட்டி, "டாக்டரம்மா, அந்தக் கறுப்பா இருக்கே, அது என்ன? இது என்ன? இது ஏன் ஆடுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றார். அவள் பேசாமல் இருக்கவில்லை.

நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பார்க்கவில்லை. இவளை வாயை மூடச் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது.